கௌரிக்காகப் போட்ட கதிரை

மேபல் அன்டி தன் வாழ்க்கையில் டெலிபோனை மூன்று தடவைக்கு மேல் மணி அடிக்க விட்டதில்லை. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் முப்பத்து நான்கு வருஷம் ஒபரேட்டராக இருந்தவர். ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் பழக்கம் போகவில்லை. குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி, மூன்றாவது மணிக்குள் "ஹலோ, மேபல் கதைக்கிறன்" என்று குரல் வந்துவிடும். அந்தக் குரலைக் கேட்க ஆட்கள் குறைந்துகொண்டு போனதுதான் குறை.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை. அதில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை. கல்யாணம் செய்யவில்லை. வேண்டாமென்று ஒன்றுமில்லை, தாய் பதினொரு வருஷம் படுக்கையில் கிடந்தார், அதற்குள் கேட்டு வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் தலை நரைத்துவிட்டது. ஒரே தம்பி இத்தாலியில். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். ஞாயிறு காலை பூசை, பின்னேரம் 155 பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து கௌரி அன்டி. இதுதான் அவருடைய கிழமை. மற்ற நாட்களை எப்படிப் போக்கினார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கௌரி அன்டி எங்கள் ஃபிளாட்டில் எனக்கு எதிர்க் கதவு. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, மேபல் அன்டியின் கந்தோரிலேயே கணக்குப் பிரிவில் சேர்ந்தவர். இருவரும் இருபத்திரண்டு வருஷம் ஒரே மேசையில் மத்தியானச் சோறு சாப்பிட்டவர்கள். ஆனால் சேர்ந்து ஒரு பயணம் போனதில்லை. ஒருவருக்குப் படுக்கையில் தாய். மற்றவருக்குப் புருஷனும் மகன் ஹரிசனின் டியூஷனும். பிறகு தாய் போய், புருஷனும் போய், ஹரிசன் கனடாவுக்குப் போனதும் இருவர் கையிலும் நேரம் மட்டும் நிறைய இருந்தது.

போன வருஷம் தைமாதம், ஒரு ஞாயிறு பின்னேரம் அவர்களும் நானுமாக மூன்று பேரும் மரைன் டிரைவில் கடலோரச் சிறு மதிலில் இருந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தோம். கௌரி அன்டிதான் தொடங்கினார்.

"கடலைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு மேபல். மலைக்குள்ள ஒரு குளத்தைப் பாத்துக்கொண்டு நடக்கவேணும் போல கிடக்கு. ஆனா ஏறேலாது. முழங்கால் விடாது."

"ஏறாம மலை பாக்க ஏலாதெண்டு ஆர் உமக்குச் சொன்னது?" என்றார் மேபல் அன்டி. "நான் பாக்கிறன்."

மற்றவர்கள் என்றால் இன்டர்நெட்டில் தேடுவார்கள். மேபல் அன்டிக்கு அதில் நம்பிக்கை இல்லை. படம் பொய் சொல்லும், குரல் சொல்லாது என்பது அவருடைய கட்சி. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், அவருக்கு டெலிபோன். முதலில் ஹட்டன் ரயில் ஸ்டேஷனுக்கு எடுத்து, அங்கிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் மஹத்தயாவுடன் சிங்களத்தில் குழைந்து கதைத்து பஸ் டிப்போ நம்பரை வாங்கினார். டிப்போவில் நேரம் குறிக்கும் ஆள், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் பக்கம் ஒரு சந்தியில் இருக்கும் கடையின் நம்பரைக் கொடுத்தார். கடைக்காரர் பெயர் மஜீட்.

"உங்கட கடை வாசலில நிண்டா தண்ணி தெரியுமா?" என்று கேட்டாராம் மேபல் அன்டி.

"தெரியும் அக்கா. மழைன்னா தெரியாது."

"அங்கால நடக்கிற ரோட்டு ஏத்தமா?"

"ஏத்தம்னு சொல்ல ஏலாது. மலையைச் சுத்திப் போற தோட்டத்துப் பாதை."

"அது உங்கட காலுக்கு. அறுபத்தைஞ்சு வயசு முழங்காலுக்கு எப்படி?"

மஜீடிடம் அதுவரை யாரும் இப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். மனுஷன் கடையைப் பூட்டிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையை நடந்தே பார்த்தார். இந்த இடம் மட்டம், இந்த இடம் கொஞ்சம் இழுக்குது, இந்த வளைவில் தண்ணி முழுசாத் தெரியுது என்று அவர் சொல்லச் சொல்ல, கொட்டாஞ்சேனையில் மேபல் அன்டி தடித்த அட்டை போட்ட சீ.ஆர் கொப்பியில் எழுதினார். கந்தோரில் கப்பல் வரவு எழுதிய அதே முறை: இத்தனை மணிக்கு ரயில், இத்தனை மணிக்கு பஸ், மஜீட் கடையில் தேத்தண்ணீர், டொய்லட் சாவி மஜீடிடம், இரண்டாவது வளைவில் கௌரி இருந்து இளைப்பாறுவது. நாள் குறிப்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை கூடாது, கௌரி அன்டிக்கு விரதம், மேபல் அன்டிக்குத் தவக்காலம், இருவருக்கும் மச்சம் இல்லை. மீன் பணிஸ் இல்லாமல் என்ன பயணம்? ஆகவே பங்குனியில் ஒரு சனிக்கிழமை.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழு மணிக்கு இந்த விபரமெல்லாம் கௌரி அன்டியின் வீட்டுப் போனுக்கு வரும். கௌரி அன்டி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவார். கதையெல்லாம் முடிந்ததும் மேபல் அன்டி ஒரே மாதிரித்தான் கேட்பார்: "வேற என்ன?" கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். "வேற ஒண்டுமில்ல" என்று இவர் சொன்ன பிறகுதான் வைப்பார்.

தைமாதக் கடைசியில் கௌரி அன்டிக்கு விசா வந்தது. இனிக் கனடாவில் மகனுடன்தான். திரும்பி வருவதென்பது இல்லை.

எங்கள் வெள்ளவத்தை ஆட்களின் வழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். வெளிநாடு போகிறவர் போய் இறங்கும்வரை ஒரு குருவிக்கும் சொல்லமாட்டார். பெரிய பெட்டியோடு லிஃப்டில் சந்தித்து எங்கே என்று கேட்டால், "இஞ்ச பக்கத்தில, தெஹிவளைக்கு" என்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்களை வெல்ல ஆள் இல்லை. கண்படும், யாராவது விசா கந்தோருக்குப் பெட்டிசம் எழுதுவான், காரியம் கெட்டுவிடும் என்று பயம். கொட்டாஞ்சேனையில் இது தலைகீழ். மேபல் அன்டியின் தம்பி இத்தாலிக்குப் போனபோது பூசை வைத்து, ஒழுங்கைக்கே சோறு போட்டு, மூன்று வேன் ஆட்கள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்க் கை காட்டினார்களாம்.

கௌரி அன்டியை நான் பரிகாசம் செய்ய முடியாது. அவருடைய புருஷன் மகனிடம் போகப்போகிறேன் என்று ஃபிளாட் முழுக்க இனிப்புக் கொடுத்தவர். பயணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது நெஞ்சு வலியில் போய்விட்டார். அதைக் கண்டவருக்கு நான் என்ன புத்தி சொல்வது?

வீட்டைப் பூட்டித் திறப்பை வைத்திருக்கவும் வேன் பிடிக்கவும் ஆள் வேண்டும் என்பதால் எனக்கு மட்டும் சொன்னார்.

"மேபல் அன்டிக்கும் சொல்லுங்கோவன்," என்றேன்.

"இறங்கினவுடன முதல் கோல் அவவுக்குத்தான் உஷாந்தி. இப்ப சொன்னா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திக் கொச்சிக்கடை முழுக்கச் சொல்லிப்போடுவா. நீர் வாய் திறக்கக் கூடாது."

நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டேன்.

விமானம் புதன்கிழமை. மலை நடை அதே கிழமை சனிக்கிழமை. ரயிலில் சீற்று பதிவு செய்ய மேபல் அன்டி அடையாள அட்டை நம்பர் கேட்டபோது, கௌரி அன்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக வாசித்துக் கொடுத்தார். நான் எதிரில் நின்றேன். போன் வைத்த பிறகு, "ஏன் அன்டி?" என்றேன். "வரேல்ல எண்டா ஏன் எண்டு கேப்பா," என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாய்ப் போயின. கம்பளம் போயிற்று, அலுமாரி போயிற்று, சாப்பாட்டு மேசை இரத்மலானைக்கு லொறியில் போயிற்று. மேபல் அன்டி வீட்டுக்கு வந்து கண்டுவிடக் கூடாதே என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கடற்கரையிலேயே மறித்து இருத்தினோம். லிஃப்ட் பழுது என்று சொன்னது கௌரி அன்டி. "ஓம் அன்டி, ஆள் வந்து பாத்தவன், மாத்திற சாமான் இல்லையாம்" என்று அதற்குச் சாட்சி சொன்னது நான். லிஃப்ட் ஒரு நாளும் அவ்வளவு நன்றாக ஓடியதில்லை.

புதன்கிழமை நானே கட்டுநாயக்கவுக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். வியாழன் பின்னேரம் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், எதிர் வீட்டுக்குள் போன் அடிக்கிறது. மணியைப் பார்த்தேன், ஏழு. வெறும் வீட்டுக்குள் அது அடித்து அடித்து ஓய்ந்தது. திறப்பு என் கையில்தான் இருந்தது. நான் போகவில்லை. கனடாவில் இறங்கிவிட்டேன் என்று எனக்கு மெசேஜ் வந்தது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கும் போன் அடித்தது. "மேபல் அன்டிக்கு எடுத்தனீங்களோ?" என்று எழுதினேன். "என்ன சொல்லித் தொடங்கிறதெண்டு தெரியேல்ல. நாளைக்கு எடுக்கிறன்" என்று பதில் வந்தது. நாளைக்குத்தானே சனிக்கிழமை!

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது அன்று நித்திரை கொள்ளவே விடவில்லை. விடிய முன்னம் ஒரு ஓட்டோ பிடித்துக் கோட்டை ஸ்டேஷனுக்குப் போனேன். பதுளை ரயில் வரும் மேடையில், பிரம்புக் கூடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மேபல் அன்டி இருந்தார். காலில் புத்தம்புது வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. பக்கத்து இடத்தில் கைக்குட்டை போட்டுப் பிடித்து வைத்திருந்தார்.

"அன்டி, கௌரி அன்டி வரமாட்டா. அவ..."

"தெரியும் மகள். கனடாவுக்குப் போயிட்டா."

"ஆர் சொன்னது?"

"அந்த வீடுதான். முதல் அந்த வீட்டுக் கம்பளம் போச்சு. பிறகு ஏதோ பெரிய அலுமாரி. மேசையும் போன அண்டைக்கு அவட குரல் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி வந்திச்சு. சாமான் இல்லாத வீட்டில குரல் அப்பிடித்தான் வரும். நான் முப்பத்து நாலு வருஷம் காதால உழைச்சுச் சாப்பிட்டனான்."

"அப்ப நீங்கள் ஏன் கேக்கேல்ல?"

"கேட்டா சொல்லுவா. கேக்காம சொல்லுறாவோ எண்டு பாத்தனான். ஒவ்வொரு நாளும் வேற என்ன எண்டு கேட்டனானே."

லிஃப்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ரயில் வந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "சீற்று சும்மா போகுது. வாறதெண்டா வாங்கோ" என்றார். மருந்துக்கடைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

பயணம் முழுக்கக் கொப்பிப்படியே நடந்தது. ரயில் பதினைந்து நிமிஷம் பிந்தும் என்றுகூட எழுதி வைத்திருந்தார். அவ்வளவுதான் பிந்தியது. ஹட்டனில் பஸ் நின்றது, சந்தியில் மஜீட் கடை வாசலிலேயே கொண்டக்டர் இறக்கிவிட்டான். மஜீட் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்களுக்கா அக்கா முழங்கால்?"

"இல்ல தம்பி. அவவுக்கு வர ஏலாமப் போச்சு. இது அவட பக்கத்து வீட்டுப் பிள்ளை."

"அடடா. நான் அவங்களுக்குன்னு கதிரை போட்டு வச்சேனே," என்றார் மஜீட். உண்மையிலேயே அவருக்குக் கவலை.

தேத்தண்ணீர் குடித்துவிட்டு நடந்தோம். இடது பக்கம் கீழே தண்ணீர் கூடவே வந்தது. வலது பக்கம் தேயிலை. ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கௌரி அன்டி தாராளமாக நடந்திருப்பார். அது எனக்கு நெஞ்சைக் குத்தியது. இத்தனை டெலிபோன் அழைப்பில், முன்பின் தெரியாத ஒரு மனுஷனை நடக்கவைத்து, ஒரு சிநேகிதியின் முழங்காலுக்கென்று அளந்து எடுத்த பாதை. அதில் முழங்காலில் ஒரு குறையும் இல்லாத நான் நடந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது வளைவில் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது. காற்றுக்குப் போய்விடாமல் அதன்மேல் ஒரு கல்லை வைத்திருந்தார் மஜீட். இரண்டு பேரும் அதற்குப் பக்கத்தில் நின்றோம். யாரும் அதில் இருக்கவில்லை. குளம் முழுதாகத் தெரிந்தது; நடுவில் சின்னச் சின்னத் தீவுகள். அந்த வடிவை ஆற அமரப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் மேபல் அன்டியின் கைப்பையில் போன் அடித்தது. வெளியே எடுத்துப் பெயரைப் பார்த்தார். இரண்டாவது மணியும் அடித்தது. இன்றைக்காவது விட்டுவிடுவார், அடித்து ஓயட்டும் என்று விடுவார் என்று நினைத்தேன். விடவேண்டும் என்றுகூட விரும்பினேன். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்.

"ஹலோ, மேபல் கதைக்கிறன்."

"மேபல்..." என்று கௌரி அன்டியின் குரல் எனக்கும் கேட்டது. அங்கே சாமம், நித்திரை இல்லையாம். "மேபல், நான் ஹரிசனிட்ட வந்திட்டன். கனடாவுக்கு."

"அப்பிடியே? எப்ப?" என்றார் மேபல் அன்டி. அந்த ஆச்சரியம் அவ்வளவு அச்சொட்டாக இருந்தது. "மெய்யாவோ? எனக்குத் தெரியாதே. நல்லது, நல்லது. பிள்ளை சுகமா இருக்கிறானே?"

"கோவமே மேபல்?"

"ஏன் கோவம்? நீர் போக வேண்டிய இடத்துக்குத்தானே போனீர். நான் இஞ்ச ரெண்டாவது வளைவில நிக்கிறன். மஜீட் சொன்னது சரி, தண்ணி முழுசாத் தெரியுது. பாதை மட்டம். உமக்கு ஒரு கஷ்டமும் இருந்திருக்காது."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. மேபல் அன்டி பொறுமையாக இருந்தார். பிறகு கேட்டார், "வேற என்ன?"

கௌரி அன்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"வேற ஒண்டுமில்ல மேபல். பிறகு எடுக்கிறன்."

போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கதிரையில் இருந்த கல்லை எடுத்துக் கீழே வைத்தார். கதிரையில் இருந்தார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். முதுகைத் தடவலாமா என்று யோசித்தேன், எனக்கு அந்த உரிமை இல்லைபோல் இருந்தது. கொஞ்சத்தில் அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டு மீன் பணிஸ் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உங்கட புருஷன் லண்டனிலதானே மகள்?"

"ஓம் அன்டி. விசாவுக்குப் பேப்பர் குடுத்திருக்கு. இன்னும் ஒண்டும் சரிவரேல்ல."

"சரிவரும். போற நேரம் சொல்லிப்போட்டுப் போங்கோ. நான் பிடிச்சு வைக்கமாட்டன். கட்டுநாயக்கவுக்கு வந்து கை காட்டினா போதும்."

"கட்டாயம் சொல்லிப்போட்டுத்தான் போவன் அன்டி," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மேபல் அன்டி எனக்காக வெள்ளவத்தைக்கு வந்தார். நானும் கடற்கரைக்குப் போனேன். லிஃப்டில் ஏற்றி வீட்டுக்கும் கூட்டிவந்தேன். ஏழு மணிக்கு எனக்கு போன் வந்தது. ஐப்பசியில் நுவரெலியாப் பக்கம் இன்னொரு சுகமான நடை போகலாம், அங்கேயும் குளம் தெரியும் என்று புதிய கொப்பி ஒன்றைத் தொடங்கினார். மஜீடுக்கு அங்கே ஒரு மச்சான் இருந்தாராம்.

ஆவணியில் என் விசா வந்தது. "இறங்குமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை" என்றார் என் புருஷன். பிறரைக் குறை சொல்வது லேசு. தலைக்குமேல் வந்தபோது என் வாயும் தானாகப் பூட்டிக்கொண்டது. நாளைக்குச் சொல்லுவம், அடுத்த ஞாயிறு சொல்லுவம் என்று தள்ளினேன். நான் கட்டில் ஒன்றைத் தவிர ஒரு சாமானும் விற்கவில்லை, குரல் மாறிவிடும் என்று. ரயில் சீற்றுக்கு அடையாள அட்டை நம்பர் கேட்டார். வாசித்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "வேற என்ன?" என்று அவர் கேட்டபோது, "வேற ஒண்டுமில்ல அன்டி" என்றேன். போனுக்குள் அவர் கேட்டுக்கொண்டு இருந்தார். வைக்க நெடுநேரம் எடுத்தது.

இறங்கியதும் முதல் கோல் அவருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். லண்டனுக்கு வந்து ஐந்து மாதமாகிறது. இந்தக் கதையை எழுதுகிறேனே தவிர, அவருடைய நம்பரை அமத்த இன்னும் கை வரவில்லை. அடிக்க விட்டால் அவர் மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடுவார்.